மேற்படிச் சுரப்பி

ஆடவர் கண்ணிய நலப் பிரிவு என்று பித்தளைப் பலகை மாட்டிய அந்தக் கட்டடத்துக்குள் ரயில் நிலைய அறிவிப்பாளர் முதல் தடவை நுழைந்தபோது அவருக்கு இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன. ஒன்று டாக்டர். இன்னொன்று டாக்டரைவிட அவசரம்.

ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் தொடங்கினால் அழுகிற பிள்ளைகூட ஒரு விநாடி வாயை மூடும். வண்டி தாமதமாக வரும் என்பதை அத்தனை இனிமையாகச் சொல்லத் தெரிந்த மனிதர் வேறு எந்த நிலையத்திலும் இல்லை என்று பெயர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தாமதம் என்ற சொல்லைச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தது. ஒரு வண்டி முன்கூட்டியே வந்துவிட்டது என்று அறிவிக்கும் பாக்கியம் மட்டும் அவருக்குக் கிடைத்ததே இல்லை.

இப்போது அந்த மனிதருக்கு மைக் முன்னால் உட்கார முடியவில்லை. முன்பெல்லாம் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் சாப்பிடுவார், பேப்பர் படிப்பார். இப்போது பிளாட்பாரத்தின் கோடியில் இருக்கும் கழிவறைக்கு ஓடுவார். போய் நின்றால் வராது. வந்தால் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று வரும். முடிந்தது என்று திரும்பி அறையின் கதவைத் திறப்பதற்குள் மறுபடி கூப்பிடும். அப்படி ஓடிய ஒரு மத்தியானம், பிளாட்பாரம் மாறிய செய்தியைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. ஜனம் முழுக்க அந்தப் பக்கம் மூட்டை முடிச்சோடு நிற்க, வண்டி இந்தப் பக்கம் வந்து காலியாகப் போய்விட்டது. நிலைய அதிகாரி விளக்கம் கேட்டார். என்னவென்று விளக்குவது. "தொண்டை கட்டிக்கிச்சு சார்" என்றார் அறிவிப்பாளர். அவர் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான்.

வேலை போய்விடுமோ என்பதல்ல அவர் பயம். அவருடைய அண்ணன் முதுகு வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று ஒரு வருஷம் தைலம் தேய்த்தார். மெத்தையை மாற்றினார், நாற்காலியை மாற்றினார், தைலத்தையும் மாற்றினார். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். கடைசியில் டாக்டரிடம் போனபோது, அது முதுகில் தொடங்கிய வியாதியே இல்லை என்று தெரிந்தது. கீழே எங்கோ தொடங்கி, எலும்புவரை ஏறியிருந்தது. "லேட்டா வந்துட்டீங்க" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற தம்பிக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரிந்த வார்த்தை. நாமாவது வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வோமே என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது.

"அண்ணனுக்கு வந்தா தம்பியும் பாத்துக்கணும்னு அன்னிக்கே டாக்டர் சொன்னாரா இல்லையா?" என்றாள் மனைவி. "புதுசா ஆம்பளைங்களுக்குன்னே ஆஸ்பத்திரி தொறந்திருக்காங்களாம். போய்க் காட்டிட்டு வாங்க."

"போறேன், போறேன்."

"இதையே ஒரு வருஷமா சொல்றீங்க. உங்க வண்டிங்ககூட இவ்வளவு லேட்டா வராது."

அதனால்தான் போனார்.

அந்தப் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு வரும் சுரப்பி நோயைத் தடுப்பதற்காக, மேலிடம் பெரிய மனது பண்ணித் திறந்து வைத்த இடம் அது. திறந்தவுடன் முதல் வேலையாக அந்தச் சுரப்பிக்குப் பெயர் வைக்க ஒரு குழு போட்டார்கள். புராஸ்டேட் என்ற சொல் பெண்கள் நடமாடும் இடத்தில் ஒலிக்கத் தகுந்ததல்ல என்று முடிவாயிற்று. ஆண்மைச் சுரப்பி என்றார் ஒருவர். வீங்கினால் அது பாராட்டாகிவிடும் என்று தள்ளினார்கள். உள்சுரப்பி என்றார் இன்னொருவர். எல்லாமே உள்ளேதானே இருக்கிறது என்று அதையும் தள்ளினார்கள். இதற்குள் குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய் வந்துகொண்டிருந்ததால் கூட்டம் நீண்டது. கடைசியில் குறிப்பு எழுதிய எழுத்தர் கைவலி தாங்காமல் "மேற்படிச் சுரப்பி" என்று எழுதினார். அனைவரும் கைதட்டினார்கள். மேற்படி என்றால் மேலே சொன்னது என்று பொருள். மேலே யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அதன் அழகு என்றார் இயக்குநர்.

அறிவிப்பாளர் உள்ளே நுழைந்தபோது சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் ஆணின் உடற்படம் இருந்தது. மூளை, இதயம், நுரையீரல் எல்லாம் நிறம் நிறமாக இருந்தன. தொப்புளிலிருந்து முழங்கால்வரை ஒரு வெள்ளைத் துண்டு கட்டியிருந்தார்கள். நல்ல துண்டு. மடிப்பெல்லாம் தத்ரூபமாக வரைந்திருந்தது.

முதலில் அவர் கழிவறையைத் தேடினார். கண்ணில் படவில்லை. தனிமையகம் என்று எழுதிய கதவை மூன்று முறை தாண்டிப் போனார். யாரோ துறவிக்கு ஒதுக்கிய அறை என்று நினைத்துக்கொண்டார். நான்காவது முறை உள்ளேயிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

திரும்பி வந்ததும் வரவேற்பில் டை கட்டிய ஓர் இளைஞன் கணினி முன்னால் காத்திருந்தான்.

"சொல்லுங்க சார். என்ன தொந்தரவு?"

"அது வந்து, தம்பி, மூத்திரம்..."

இளைஞன் கையை உயர்த்தினான். "சார், அந்த வார்த்தைய இங்க சொல்லக் கூடாது. நான் டைப் பண்ணாலும் மெஷின் எடுத்துக்காது. கண்ணியமாச் சொல்லுங்க."

ஆயிரக்கணக்கான பேருக்கு அறிவிப்புச் செய்கிறவர் வார்த்தை கிடைக்காமல் கூரையைப் பார்த்தார். "நீர் சரியா வரல."

"ரைட். நீர் வரத்துக் குறைவு." இளைஞன் தட்டினான். "அழுத்தம்?"

"இல்ல."

"எப்ப வருது?"

"ராத்திரியில அடிக்கடி. விட்டு விட்டு."

"இரவில் மட்டும், விட்டு விட்டு." ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். கணினி மணி அடித்தது. "பதிவாயிடுச்சு சார். தகுந்த துறையிலேர்ந்து வீட்டுக்கே வருவாங்க."

"வீட்டுக்கேவா? மாடியில டாக்டர் இருக்காருன்னாங்களே."

"இருக்காரு. ஆனா மெஷின் அனுப்பினாத்தான் அவர் பாப்பாரு. மெஷின் இதுவரைக்கும் யாரையும் அனுப்பினதில்ல."

அறிவிப்பாளர் மாடிப்படியைப் பார்த்தார். மேலேயிருந்து யாரோ பெரிதாகக் கொட்டாவி விடுவது கேட்டது.

இரண்டு நாள் கழித்துக் காலையில், தோளில் பையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். நீர் சம்பந்தமாகப் பதிவு பண்ணியிருக்கிறீர்களா என்று கேட்டார். வீட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டார்களே என்று அறிவிப்பாளருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மனைவி அடுக்களையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றார் வந்தவர்.

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷமா பேசாமலா இருந்தீங்க?"

"கூச்சமா இருந்துச்சுங்க."

"இதுல என்னங்க கூச்சம்? இந்தத் தெருவுல பாதி வீட்ல இதே கதைதான். சொல்லுங்க. நின்னதுக்கு அப்புறமும் சொட்டுதா?"

"சொட்டுதுங்க. அதான் பெரிய வேதனை."

"வாஷர் தேஞ்சிருக்கும். காலையில முதல் தடவை?"

"ரொம்ப நேரம் காத்துக்கிட்டு நிக்கணும்."

"காத்து அடைச்சிருக்கும். லைன் எவ்வளவு பழசு?"

அறிவிப்பாளர் மனதுக்குள் கணக்குப் போட்டார். "அம்பத்தெட்டு முடியப்போவுது."

"அம்பத்தெட்டு வருஷத்து லைனா? ஒரு தடவைகூட மாத்தலையா?"

"மாத்த முடியுங்களா?"

"ஏன் முடியாது? பழசைப் பிடுங்கிப் போட்டுட்டு இப்பல்லாம் பிளாஸ்டிக்தான். எதுக்கும் முதல்ல உள்ள ஒரு கம்பி விட்டுப் பாத்துருவோம்." வந்தவர் பையைத் திறந்து, கை நீளத்துக்கு ஒரு துருப்பிடித்த இரும்புக் கம்பியை எடுத்தார்.

அறிவிப்பாளர் நாற்காலியின் பின்னால் போய் நின்றுகொண்டார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவிக்கு, கம்பியையும் கணவர் முகத்தையும் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

"ஐயா, நீங்க யாரு?"

"குடிநீர் வாரிய ஆய்வாளர்ம்மா. இந்த வீட்ல தண்ணி வரலைன்னு கண்ணிய நலப் பிரிவுலேர்ந்து புகார் மாத்திவிட்டிருக்காங்க."

"கோளாறு வீட்டுக் குழாய்ல இல்லைங்க. இவருக்கு. புராஸ்டேட்."

அந்தச் சொல் அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக விழுந்தது அதுதான் முதல் தடவை. ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆய்வாளர் மட்டும் கம்பியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு நண்பர் இருக்காரு" என்றார். "அவரும் ராத்திரியில ரொம்ப எழுந்திருக்காரு. அது எதனாலன்னு..."

"அவரும் குடிநீர் வாரியமா?" என்றாள் மனைவி.

"ஆமாம்மா. எப்பவும் என்கூடவேதான் இருப்பாரு."

"அவரையும் டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க."

"சொல்லிப் பாக்கறேன். கூச்சப்படுவாரு." எழுந்தவர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "உங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?" உள்ளே போனவர் வெளியே வர வெகு நேரமாயிற்று.

அன்று மாலை அறிவிப்பாளரின் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. தங்கள் நீர்ப் புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அதைப் படித்த இடம் கழிவறை. படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்து, கடைசி எழுத்துக்கு வந்த பிறகும் தீர்க்கப்பட்ட புகார் தீர்ந்தபாடில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. ஒவ்வொரு நாளும் உள்ளே ஏதோ வளர்கிறது, அண்ணனுக்கு ஏறியது போல ஏறிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளவும் எழுந்தால் ஓடவும் மனம் தவித்தது. மறுநாளே போய் இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்று நின்றார்.

இயக்குநர் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். அறிவிப்பாளர் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசியதும் அவர் முகம் மலர்ந்தது. "இந்தக் குரல். ஸ்டேஷன்ல பேசறவர் நீங்களா? உக்காருங்க, உக்காருங்க. உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

"சார், எனக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும். எங்க அண்ணன்..."

"எல்லாம் பேசலாம். அடுத்த வாரம் நம்ம பிரிவுக்கு ஆண்டு விழா. ஸ்டேஷன்லயே மேடை போடறோம். ஆண்கள் கூடற இடம் பாருங்க. மேலிடத்துலேர்ந்து எங்களுக்கு விருது தர்றாங்க. எதுக்குன்னு தெரியுமா? ஒரு வருஷமா இங்க ஒரு நோயாளிகூடப் பதிவாகல. முழுப் பூஜ்யம்."

"நோய் இல்லாம இல்ல சார், வர்றவங்கள மெஷின்..."

"நல்லாக் கேட்டுக்குங்க. நோயாளி வந்தா அது நோய்ப் பிரிவு. நோயாளி வரலைன்னா அது நலப் பிரிவு. இது நலப் பிரிவு. பேர் சொன்னாத்தானே வியாதி? சொல்லலைன்னா வெறும் வயசு." இயக்குநர் சட்டென்று எழுந்தார். "ஒரு முக்கியமான ஃபோன். இதோ வந்துட்டேன்."

தொலைபேசி மேசைமேல்தான் இருந்தது. அது அடிக்கவும் இல்லை. இயக்குநர் எதிரில் இருந்த தனிமையகத்துக்குள் போனதை அறிவிப்பாளர் பார்த்தார். கதவு திறக்க ஆன நேரத்தையும் பார்த்தார். அந்த நேரம் அவருக்குப் பழக்கமான நேரம்.

திரும்பி வந்தவரிடம் அவர் கேட்டார். "மாடியில இருக்கற டாக்டர் எப்படி சார்?"

"தங்கமான டாக்டர். ஒரு வருஷத்துல அவர்மேல ஒரு குறை வந்ததில்ல."

"நோயாளியே போகலையே சார்."

"அதனாலதான்." இயக்குநர் ஒரு தாளை நீட்டினார். "விழா அன்னிக்கு இதை நீங்க மூணு தடவை படிக்கணும். உங்க டெஸ்ட்டை விழாவுக்கு அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப எடுத்தா நீங்கதான் முதல் கேஸ். பூஜ்யம் கெட்டுடும். இவ்வளவு நாள் பொறுத்தீங்க." அதற்குள் இன்னொரு முக்கியமான ஃபோன் வந்துவிட்டது.

விழா நாளன்று முதல் பிளாட்பாரத்தில் மேடை. துண்டு கட்டிய மனிதரின் படத்தை மேடைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த அறிவிப்பாளர், காலை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். சைகை கிடைத்ததும் மைக்கை இயக்கித் தாளைப் படித்தார்.

"மதிப்புக்குரிய ஆடவர்களின் கனிவான கவனத்திற்கு. மேற்படிச் சுரப்பியை மேற்படி வயதில் மேற்படி முறைப்படி கவனித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். கண்ணியமே நலம்."

பிளாட்பாரத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. சுமை தூக்குகிறவர் ஒருவர் இன்னொருவரிடம், "எந்த வண்டிப்பா அது?" என்றார்.

"மேற்படி எக்ஸ்பிரஸாம். புதுசா விட்டிருக்கான்."

விசாரணைச் சன்னலில் கூட்டம் கூடிவிட்டது. மேற்படி எந்த ஊர்வழியாகப் போகும், இடம் கிடைக்குமா என்று கேட்டார்கள். மேடையில் இயக்குநர் பேசத் தொடங்கினார். "தூய்மையான மொழியே தூய்மையான உடல். இந்த ஒரு வருடத்தில் ஒரு கொச்சைச் சொல்கூட எங்கள் வளாகத்தில் ஒலிக்கவில்லை. ஆகவே ஒரு நோயும் எங்கள் வளாகத்தில் இல்லை." பேசிக்கொண்டே அவர் எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கும், அந்தக் காலிலிருந்து இந்தக் காலுக்கும் மாற்றினார்.

இரண்டாவது தடவை படிக்க மைக்கைத் தொட்டபோது அறிவிப்பாளர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, சட்டைக்குள் கையை விட்டு, இடுப்புக்கு மேலே எலும்பை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தேய்த்தது போலவே, கண்ணை மூடிக்கொண்டு. தாளில் எழுதியிருந்த எதுவும் அதற்குப் பிறகு அறிவிப்பாளர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மேற்படி என்று எந்த வண்டியும் இல்லை. சொல்ல வந்தது புராஸ்டேட். மறுபடியும் சொல்கிறேன், புராஸ்டேட். ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. வயதானால் அது வீங்கும். மூத்திரம் அடிக்கடி வரும், சரியாக வராது, சொட்டும். எனக்கு வருகிறது. வீக்கமெல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றுநோய் ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் தராமலே வளரும். அதனால் ஐம்பது வயதானவர்கள் டாக்டரிடம் போய், எனக்குச் சோதனை வேண்டுமா என்று வாயைத் திறந்து கேளுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் இன்னும் முன்னாலேயே போங்கள். என் அண்ணன் முதுகுவலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தாமதமாகப் போனார். அதற்காக வருந்துகிறேன். கண்ணிய நலப் பிரிவின் மாடியில் ஒரு டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கீழே யாரிடமும் பேசாதீர்கள். நேராகப் படியேறுங்கள்."

நிலையம் முழுக்க ஆண்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பெண்கள் தங்கள் ஆண்களைப் பார்த்தார்கள். மேடையில் இயக்குநர் பேச்சுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு ஒரு முக்கியமான ஃபோன் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, படியில் இறங்கி, பிளாட்பாரக் கோடியை நோக்கி வேகமாக நடந்தார். அங்கே ஏற்கெனவே வரிசை நின்றது.

வண்டி அல்லாத பொருளை அறிவித்ததற்காக நிலைய அதிகாரி அன்றே விளக்கம் கேட்டுத் தாள் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "எனக்கு ஒரு நண்பர் இருக்காரு" என்று ஆரம்பித்தார்.

மறுநாள் கண்ணிய நலப் பிரிவின் மாடிப்படி முழுக்க ஆட்கள். குடிநீர் வாரிய ஆய்வாளர் முன்னாடியே வந்து ஒரு படியில் உட்கார்ந்திருந்தார். வரவேற்பு இளைஞன் அறிவிப்பாளரைப் பார்த்ததும் எழுந்து வந்தான். "சார், நீங்க மேல சொல்லிட்டீங்க. இப்பத்தான் மேற்படிங்கற வார்த்தைக்கே அர்த்தம் வந்திருக்கு." குரலைத் தாழ்த்தினான். "எங்க அப்பா நாளைக்கு வர்றாரு."

டாக்டர் வாசலுக்கே வந்து நின்றுவிட்டார். ஒரு வருஷமாகக் குறுக்கெழுத்துப் போட்ட கை, சட்டையில் பேனா மை. முதலில் நின்றவரைக் கேட்டார். "யாருக்குங்க?"

"நண்பருக்கு டாக்டர்."

"உங்களுக்கு?"

"நண்பருக்கு."

வரிசையின் கடைசிவரை அதே பதில். "இவ்வளவு நட்பா இருக்கற ஊரை நான் பாத்ததே இல்ல" என்றார் டாக்டர்.

"எனக்குத்தான் டாக்டர்" என்றார் அறிவிப்பாளர். நிலையத்துக் குரல். படிக்கட்டு முழுக்கக் கேட்டது. பிறகு கீழ்ப்படியிலிருந்து ஆய்வாளர், "எனக்கும்தான்" என்றார்.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு செய்த பரிசோதனையைப் பற்றி அறிவிப்பாளர் பின்னால் யாரிடமும் விவரமாகச் சொல்லவில்லை. ஒரு வண்டி ஒரு சின்ன நிலையத்தில் நிற்கும் நேரம்கூட ஆகவில்லை, இதற்குப் போய் ஒரு வருஷம் பயந்தேனே என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். ரத்தமும் எடுத்தார்கள்.

முடிவு வரும் நாளில் மனைவியும் கூட வந்தாள். பெஞ்சில் அவர்களுக்குப் பக்கத்தில், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைத் தெரியாதது போல இருந்தார்கள். விருது திரும்பப் போய்விட்டதாகக் கேள்வி.

முதலில் அறிவிப்பாளரையும் மனைவியையும் அழைத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அறிவிப்பாளருக்கு அந்த நேரத்திலும் எழுந்து ஓட வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வீக்கம் இருக்கு. அதுக்கு மாத்திரை தர்றேன், ராத்திரியில தூங்கலாம். ரத்தத்துல அளவு கொஞ்சம் கூட இருக்கு. உங்க அண்ணனுக்கு இருந்ததால, ஸ்கேன் எடுத்துப் பாத்துரணும். எதுவா இருந்தாலும் சமாளிக்கலாம்." டாக்டர் நிமிர்ந்தார். "சீக்கிரம் வந்துட்டீங்க."

இந்த வார்த்தையைக் கேட்க அண்ணன் உயிரோடு இல்லை. அந்த நினைப்பு வந்ததும் அறிவிப்பாளருக்குக் கண் நிறைந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

இருவரும் வெளியே வந்ததும் டாக்டர் தலையை நீட்டி, "அடுத்தது யாரு?" என்றார்.

தொப்பிக்காரர் எழுந்தார். "நான் ஒரு நண்பருக்காக..."

"நண்பரை உள்ள வரச் சொல்லுங்க."

இயக்குநர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

மனைவி பையை எடுத்துக்கொண்டு நின்றாள். "கிளம்பலாமா? நல்ல வார்த்தை சொல்லிட்டாரே, இன்னும் என்ன?"

அறிவிப்பாளர் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தார். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு, "இரு" என்றார். "இன்னும் ஒரு வண்டி வரவேண்டியிருக்கு."